முன்பக்கத்து இடது கதவு

இல்லீங்கக்கா, தின்பண்டமில்லீங்க. டப்பாதான் பால்மாவு டப்பா. உள்ள இருக்கறது காருக் கதவோட கீலும் அதுக்கான போல்ட்டும். மேல கம்பியில தூக்கி வெச்சாலும் பரவாயில்லீங்க, உடையற சாமானா என்ன. பாப்பா தூங்கறாளேன்னுதான் எந்திரிக்காம மடியிலயே வெச்சுக்கிட்டேன். உங்க முழங்கால்ல இடிக்குதுங்களா? சித்த நகத்திக்கறேன்.

நான் பஸ்ல யாருகிட்டயும் பேசமாட்டேனுங்க. கண்டக்டர்கிட்ட டிக்கெட் கேக்கறதுக்கே மனசுக்குள்ள ரெண்டு தடவை சொல்லிப் பாத்துட்டுத்தான் கேப்பேன். சிங்காநல்லூர் ஒண்ணு, சிங்காநல்லூர் ஒண்ணுன்னு. நீங்க கேக்காமயே பாப்பா காலைத் தூக்கி உங்க மடியில போட்டுக்கிட்டீங்க பாருங்க, அதுல வாய் வந்துருச்சு.

எங்க வீட்டுக்காரரு கரூர்ல பஸ் பாடி கட்டற பட்டறையில டிங்கரா இருந்தாருங்க. பதினாலு வருசம். வெறும் தகட்டை அடிச்சு வளைச்சு பஸ்ஸுக்கு மூஞ்சி வெக்கறது அவரு வேலை. நாம இப்ப உக்காந்திருக்கற பஸ்ஸே அவரு கை பட்டதா இருக்கலாம், யாரு கண்டா. ரோட்டுல கூட வந்தாருன்னா நிக்கற வண்டியையெல்லாம் விரல் முட்டியால ரெண்டு தட்டு தட்டுவாரு. டொக்குன்னா உள்ள ஓட்டை ஒடுக்கைப் பட்டி மாவு பூசி மறைச்சிருக்குன்னு அர்த்தம். டங்குன்னா நல்ல தகடு. அடுத்தவங்க வண்டியைத் தட்டாதீங்க மாமா, ஏதாச்சும் சொல்லிப்போடுவாங்கன்னு நான் தனியா முன்னால நடந்துருவேன். எனக்கு மானம் போகும். வீட்டுல தண்ணி டிரம்மு, பீரோ, கட்டில் எதையும் விடமாட்டாரு. பாப்பா பொறந்து ஆஸ்பத்திரியில இருந்து வந்தன்னிக்கு அவ நெத்தியை ஒத்த விரல்ல தொட்டு, "சுத்தமான தகடு, பட்டியே கிடையாது"ன்னாரு. எங்கத்தை சிரிச்ச சிரிப்புல பாப்பா எந்திரிச்சு அழுதா.

இந்தக் கீல் இருந்த வண்டி வந்தப்ப இவ என் வயித்துல மூணு மாசம். கண்டசான்னு ஒரு காரு, கேள்விப்பட்டிருப்பீங்க. அந்தக் காலத்துல மில்லுக்காரங்க வெச்சிருப்பாங்களாம். நீள மூக்கு, அகல இடுப்பு, நாலு பேரு காலை நீட்டி உக்காரலாம். இப்பெல்லாம் வர்றதில்லீங்க. ஒரு ரைஸ்மில் குடோன்ல கிடந்துச்சு. மில்லுக்காரரோட லாரிக்கு இவரு லீவு நாள்ல பாடி வேலை செஞ்சு குடுத்திருந்தாரு, கூலிக்குப் பதிலா அதை இழுத்துட்டுப் போயிக்கன்னுட்டாரு. டிராக்டர்ல கயிறு கட்டித்தான் இழுத்துட்டு வந்தாங்க. கண்ணாடி இல்லை, சக்கரத்துல காத்து இல்லை. பின் சீட்டுல ஒரு கோழி அடை உக்காந்திருக்கு, அடியில ஏழு முட்டை. அது எறங்கவே இல்லீங்க, கூடவே வந்துருச்சு. தெருவே கூடி நின்னு பாத்துச்சு. எங்கத்தை வாசல்ல நின்னுக்கிட்டு, "மருமகளைக் கூட்டிட்டு வந்தன்னிக்குக்கூட இத்தனை கூட்டம் இல்லைடா. ஆரத்தி கரைக்கட்டுமா?"ன்னாங்க. இவரு, "கரைங்கம்மா, கோழிக்கும் சேத்தே சுத்துங்க"ன்னாரு.

எனக்கு அழுகையா வந்துச்சு. புள்ளைக்குத் தொட்டில் வாங்கோணும், மழைக்கு ஓடு மாத்தோணும், இவரு துருப்பிடிச்ச காரை இழுத்துட்டு வந்து நிக்கறாரு. ஏன் மாமா இதுன்னேன். "இருக்கட்டும் கோகிலா, பாரு"ன்னாரு. அதுக்கு மேல ஒரு வார்த்தை வராது அவருக்கு. நான்தான் பேசமாட்டேன்னு பேரு, அவரு எனக்கு மேல.

அதுக்கு ஒரு வாரம் முன்னாலதாங்க எங்க சொந்தத்துல ஒரு கல்யாணம். அது வேற கதை, இருந்தாலும் சொல்றேன். எங்க பெரியப்பா பையன் சிவசாமி அண்ணன் புதுசா காரு வாங்கியிருந்தாரு. எல்லாரையும் ஏத்திக்கிட்டாரு. நானும் ஏறி உக்காந்துட்டேன், முன்னால, இடது பக்கம். அண்ணி வந்து பாத்தாங்க. சீர் பொட்டி வெக்க எடமில்லை. அண்ணன் குனிஞ்சு, "கோகிலா, நீ பஸ்ல வந்துரு கண்ணு. பொட்டி நசுங்கிரும்"ன்னாரு. சரிங்கண்ணான்னு எறங்கிட்டேன். நான் எறங்குன எடத்துல பொட்டி உக்காந்துச்சு. இவரு பக்கத்துல நின்னு பாத்துக்கிட்டிருந்தாரு. ரெண்டு பேரும் பஸ்ல நின்னுக்கிட்டே போனோம். எனக்கு அது ஒரு பெரிய விசயமே இல்லீங்க, சீர் சாமான் நசுங்குனா நல்லாவா இருக்கும். அண்ணன் மேல தப்பு சொல்லமாட்டேன். நான் எப்பவோ மறந்துட்டேன்.

இதுக்கும் காருக்கும் சம்பந்தமில்லீங்க. அவருக்குப் பழைய வண்டின்னா கிறுக்கு, அவ்வளவுதான்.

வெள்ளக்கோவில் தாண்டிருச்சுங்களா? அப்ப சரி.

வீட்டுக்குப் பின்னால தகரக் கொட்டாய் போட்டு அதுக்குள்ள வண்டியை நிறுத்தி, ஒவ்வொண்ணாப் பிரிச்சாரு. பிரிக்கறது லேசு, திரும்ப மாட்டறதுதான் கஷ்டமாம். எந்த போல்ட்டு எங்க இருந்ததுன்னு எழுதி வெக்கோணும். அவரு அஞ்சாவதோட நின்னவரு, நான் எட்டு வரைக்கும் போனேன். "உன் எழுத்துத்தான் அழகு, நீ எழுது"ன்னாரு. பால்மாவு டப்பாவா சேத்தோம். எங்க பாப்பாவோடது, பக்கத்து வீட்டோடது, நர்சம்மா குடுத்தது. மொத்தம் நாப்பத்தி மூணு. இவளே அத்தனையும் குடிச்சிருந்தா கொட்டாய்க்குள்ள யானையைத்தான் கட்டியிருக்கோணும்.

நான் பக்கெட்டைக் கவுத்துப் போட்டு பாப்பாவை மடியில வெச்சுக்கிட்டு உக்காந்திருப்பேன். அவரு வண்டிக்கடியில இருந்து கையை நீட்டுவாரு. இதுக்கு என்ன பேரு மாமான்னா, அவருக்குச் சொல்லத் தெரியாது. "அதா அந்த எடத்துல இருக்குதே, அது"ம்பாரு. நானா ஒரு பேரு வெச்சு எழுதுவேன். மூக்கு மூடி. வலது காது. தொப்புளுக்கு மேல. பாட்டி இடுப்பு. அந்த இடுப்புப் பக்கம் ரொம்பத் துருங்க, அதனால பாட்டி. அவருக்கு அப்படிச் சிரிப்பு வரும், வண்டிக்கடியில படுத்துக்கிட்டே சிரிப்பாரு. தகரம் அதிரும்.

கதவுக்கு மட்டும் அவரே பேரு வெச்சாரு. பின்னால ரெண்டும் பாப்பா கதவு, எந்தப் பக்கம் வேணும்னாலும் ஏறட்டும். முன்னால வலது அவரு கதவு. இடது உன் கதவுன்னாரு. "இது முடியற வரைக்கும் யாரும் உள்ள உக்காரக் கூடாது. முதல்ல நீ உக்காரோணும், அப்புறம்தான் மத்தவங்க." எங்கத்தை ஒருக்கா காய் நறுக்க நெழலா இருக்குதேன்னு ஏறி உக்காந்துட்டாங்க. அன்னிக்கு அம்மாகிட்டக்கூடக் கத்திட்டாரு. ஆம்பளைங்களுக்கு இப்படி ஒரு வீம்பு. காரு இன்னும் காரே ஆகலை, அதுக்குள்ள சட்டம்.

எனக்கு அது மேல கோவம்தாங்க. பொய் சொல்லமாட்டேன். வேலை விட்டு வந்தா நேரா கொட்டாய். ஞாயித்துக்கெழமை முழுக்கக் கொட்டாய். டீயை அங்கயே கொண்டு போயிக் குடுக்கோணும். சக்களத்தி வந்த மாதிரி இருக்குதுன்னு எங்கம்மாகிட்ட சொல்லி அழுதிருக்கேன். ஆனா உப்புத்தாள் போடறப்ப ஒரு ஓரம் நான் தேய்ப்பேன், அவரு ஒரு ஓரம் தேய்ப்பாரு. அந்த இடது கதவு முழுக்க நானே தேய்ச்சது. அது ஒரு வேலைன்னுதான் செஞ்சேன், ஆசைப்பட்டெல்லாம் இல்லீங்க.

அப்புறம்தான் இருமல் வந்துச்சு. பட்டறையில அத்தனை வருசம் பட்டித் தூசி, பெயிண்ட்டு வாடை. நெஞ்செல்லாம் சேந்து போச்சுன்னாங்க. பெரியாஸ்பத்திரி டாக்டரம்மா எக்ஸ்ரே போட்டோவை வெளிச்சத்துல புடிச்சுப் பாத்துட்டு, "இனி தூசி, பெயிண்ட் பக்கமே போகக் கூடாது. பொண்டாட்டி புள்ளை மேல ஆசை இருந்தா விட்டுருங்க"ன்னு நேரா சொல்லிட்டாங்க. பட்டறையை விட்டாரு. இப்ப பஸ் ஸ்டாண்டு சைக்கிள் ஸ்டாண்டுல டோக்கன் குடுக்கறாரு. ஆனா கொட்டாயை விடலை. மூஞ்சியில ஈரத் துண்டைக் கட்டிக்கிட்டு நான் கோயிலுக்குப் போற நேரமாப் பாத்து உள்ள போயிருவாரு. துண்டைத் துவைக்கறப்பத் தெரிஞ்சிரும் எனக்கு, செவசெவன்னு துருத் தண்ணி வரும்.

ஒரு நாள் பாப்பா ஓடி வந்தா. "அம்மா, அப்பா வண்டிக்கடியில தூங்கறாங்க. காலைப் புடிச்சு இழுத்தேன், எந்திரிக்கவே மாட்டேங்கறாங்க."

அன்னிக்குத்தாங்க முடிவு பண்ணேன்.

ஆஸ்பத்திரியில இருந்து அவரைக் கூட்டிட்டு வந்து பத்து நாள் அவருகிட்ட என்ன பேசறதுன்னு மனசுக்குள்ளயே பேசிப் பாத்தேன். அவரு இப்படிச் சொன்னா நான் இப்படிச் சொல்லோணும், அவரு கத்துனா நான் அழுகாம நிக்கோணும். எல்லாம் ரெடி பண்ணி வெச்சிருந்தேன். உங்களுக்கு அது வேணுமா, நாங்க வேணுமான்னு கேட்டேன். உப்புத்தாளை மடிச்சுக்கிட்டிருந்தாரு. என்னைப் பாத்தாரு, பாப்பாவைப் பாத்தாரு. "வித்துரு"ன்னாரு. அவ்வளவுதான். நான் ரெடி பண்ணதெல்லாம் வீணாப் போச்சு. எனக்கு அப்பாடான்னு இருந்துச்சு. இத்தனை லேசுன்னு தெரிஞ்சிருந்தா முன்னாலயே கேட்டிருப்பேன்.

வாங்குனவரு கோயமுத்தூரு. சின்ன வயசுதான், பழைய வண்டிகளை வாங்கி ஓட்டறவரு, மரியாதையான ஆளு. "ஏனுங்க சிஸ்டர்"னுதான் பேசுவாரு. லாரி எடுத்துட்டு வந்திருந்தாரு. வந்ததும் வண்டியைச் சுத்தி விரல் முட்டியால தட்டிக்கிட்டே போனாருங்க. எங்க வீட்டுக்காரரு தட்டற மாதிரியே. எங்க தட்டுனாலும் டங்கு டங்குன்னுதான் கேக்குது. நின்னுட்டாரு. "ஒரு எடத்துலகூடப் பட்டி இல்லையே சிஸ்டர். யாரு செஞ்சது? நான் பாக்கலாமா அவரை?"

அவரு குளிக்கறாருங்கன்னேன். நெசமாவே குளிச்சுக்கிட்டுத்தான் இருந்தாரு. லாரிச் சத்தம் கேட்டதும் துண்டை எடுத்துக்கிட்டு பாத்ரூமுக்குள்ள போனவரு, லாரி தெரு முனை திரும்புற வரைக்கும் வெளிய வரலை. தண்ணி ஊத்தற சத்தம் மட்டும் கேட்டுக்கிட்டே இருந்துச்சு. டேங்கே காலி. நல்ல ஆளு பாருங்க, வந்தவங்களுக்கு ஒரு வணக்கம் சொல்றதில்லையா. எனக்குத்தான் சங்கடமாப் போச்சு, தெரியாத ஆம்பளைங்ககிட்ட எல்லாத்தையும் நானே பேசி அனுப்பி வெச்சேன்.

கழட்டி வெச்சிருந்த இடது கதவை என்னோட பழைய சேலையில சுத்தி நானே ஏத்திவிட்டேன். டப்பாவையெல்லாம் சாக்குல கட்டிக் குடுத்தேன். வண்டி இருந்த எடத்துல தரை மட்டும் காஞ்சு வெள்ளையா நீளமாக் கிடந்துச்சு. பாப்பா அதுல படுத்துப் பாத்தா. "அம்மா, நான் எத்தனை சின்னது"ன்னா.

அதுக்கப்புறம் அவரு தங்கமா மாறிட்டாருங்கக்கா. நெசமாச் சொல்றேன். நேரத்துக்கு வர்றாரு. போட்டதைச் சாப்பிடறாரு, உப்பு இல்லைன்னாலும் சொல்றதில்லை. மாத்திரையை நான் ஞாபகப்படுத்த வேண்டியதே இல்லை. கோவமே கிடையாது. ஞாயித்துக்கெழமை கட்டில்ல உக்காந்தாருன்னா உக்காந்தது உக்காந்தபடி இருப்பாரு. ஸ்பேனரையெல்லாம் தெருவுல யாரோ கேட்டாங்கன்னு குடுத்துட்டாரு. அந்தத் தட்டற பழக்கம்கூட நின்னு போச்சு. புது தண்ணி டிரம்மு வாங்கி வாசல்ல வெச்சேன், பக்கத்துலயே நடந்து உள்ள போறாரு, கை வெக்கலை. தெருவுல எல்லாரும் புருசனைக் காப்பாத்திட்ட கோகிலான்னு சொல்றாங்க. எனக்குப் பெருமையாத்தான் இருக்குது. வீடுதான் கொஞ்சம் சத்தமில்லாம இருக்குது. பழகிரும்.

போன வாரம் வண்டி வாங்குன அந்த அண்ணன் போன் பண்ணாரு. எல்லா டப்பாவும் இருக்குது சிஸ்டர், உங்க எழுத்தைப் படிச்சு எங்க பட்டறையே சிரிக்குது, பாட்டி இடுப்பு முடிஞ்சிருச்சு, ஒரு டப்பா மட்டும் காணோம்னாரு. நாப்பத்திரெண்டுதான் இருக்குதாம். ஒரு கதவோட கீலும் போல்ட்டும் இல்லை. கிடைக்கலைன்னா லேத்து பட்டறையில புதுசாக் கடைஞ்சு போட்டுக்கலாம், ஒரிஜினல் இருந்தா நல்லதுன்னாரு. எனக்கு ஒரே வெக்கம். எண்ணித்தானே குடுத்தேன்னு நெனச்சேன். இவதான் எங்கயோ தூக்கிட்டுப் போயி விளையாடிட்டான்னு முதுகுல ரெண்டு வெச்சுட்டேன், பாவம்.

பாத்தா, நேத்து பீரோ ஒதுக்கறப்பக் கிடைக்குது. அவரு துணி அடுக்கற தட்டுல, கடைசியில, பட்டறைக்குப் போட்டுட்டுப் போற காக்கிச் சட்டையைச் சுத்தி வெச்சிருக்குது. மறந்துட்டாரு போல. மத்த டப்பாவுலயெல்லாம் என் எழுத்து, இதுல மட்டும் என் எழுத்தை அடிச்சுப்போட்டு அவரு எழுதியிருக்கறாரு. கோணல் மாணலா, பெருசு பெருசா. கோகிலான்னு எம் பேரு. என்கிட்ட குடுத்தனுப்போணும்னுதான் பேரெழுதி எடுத்து வெச்சிருப்பாரு, அப்புறம் மறந்துட்டாருன்னு நெனச்சுக்கிட்டேன். உடனே அண்ணனுக்குப் போன் பண்ணி, கிடைச்சிருச்சுங்கண்ணா, நாளைக்கு நானே கொண்டாறேன்னுட்டேன். அடுத்தவங்க பொருளை வெச்சுக்கலாமுங்களா.

காலையில கிளம்பறப்ப டப்பாவைக் கூடையில வெச்சேன். எங்க போறேன்னாரு. சொன்னேன். கூடையில இருந்து டப்பாவை எடுத்தாரு. மூடியைத் தொறந்து பாத்தாரு. போல்ட்டு ஒண்ணோட ஒண்ணு உரசக் கூடாதுன்னு பனியன் வேஸ்ட்டுத் துணி வெச்சு நல்லா அமுக்குனாரு. மூடி கழண்டு போயிரும்னு ரெண்டு ரப்பர் பேண்டு போட்டாரு. அப்புறம் என் கையில குடுத்தாரு. கூடையில வெக்கலை, கையில குடுத்தாரு. பஸ் வரைக்கும் வந்து ஏத்திவிட்டாரு. பஸ் எடுக்கறப்ப நான் உக்காந்திருந்த எடத்துக்கு நேரா வெளிப்பக்கம் ரெண்டு தட்டு தட்டுனாரு. நான் எட்டிப் பாத்து, கண்டக்டர் விசில் குடுத்துட்டாருங்க மாமான்னேன்.

எந்தக் கதவுன்னு கேக்கறீங்களா? முன்னால இடது பக்கத்துக் கதவுங்க. டிரைவருக்குப் பக்கத்துல உக்கார்றவங்க ஏறுற கதவு. அதாங்க, நான் தேய்ச்சேன்னு சொன்னேனே, அந்த…

இல்லீங்க, ஒண்ணுமில்லீங்க.

தண்ணி இருக்குதுங்களா ஒரு வாய்?

நாப்பத்திரெண்டு டப்பாவையும் குடுத்துட்டாருங்கக்கா. வண்டியைக் குடுத்துட்டாரு. ஸ்பேனரைக் குடுத்துட்டாரு. இது ஒண்ணைத்தான் வெச்சிருந்தாரு. நான் பீரோ ஒதுக்கறேன்னு எந்தத் தட்டுலதான் கை விட்டேனோ.

சூலூர் வந்துருச்சா.

ஒரு நிமிசமுங்க, போன் அடிக்குது. அந்த அண்ணன்தான்.

அலோ. ஆமாங்கண்ணா. பஸ்லதாங்கண்ணா இருக்கேன். ஸ்டாண்டுக்கு வந்துட்டீங்களா. அண்ணா, அது வந்துங்க. டப்பா இல்லீங்கண்ணா. கிடைச்சிருச்சுன்னு சொன்னேன், அது வேற டப்பாங்க. தொறந்து பாக்காம சொல்லிட்டேன். எல்லா எடத்துலயும் தேடிட்டேனுங்க, இல்லீங்க. நீங்க லேத்துல கடைஞ்சுக்கோங்கண்ணா. மன்னிச்சுக்கோங்க. இல்லீங்க, நான் வேற சோலியா வர்றேனுங்க, உங்களைப் பாக்க வரலீங்க. அண்ணா, வெச்சுடாதீங்க, ஒண்ணு கேக்கட்டுங்களா. அந்தக் கதவை மாட்டுனதும் ஒருக்கா தட்டிப் பாருங்க. ஆமாங்க. வெச்சுடறேனுங்க.

பொய்தான் சொன்னேன். முழுப் பொய்.

ஏனுங்கக்கா, சிங்காநல்லூர்ல எறங்குன எடத்துலயே கரூர் பஸ் நிக்குமுங்களா? எதிர்ப்பக்கம் போகோணுமா? இவரு சாயங்காலம் ஆறு மணிக்கு சைக்கிள் ஸ்டாண்டுல ஆளு மாத்திவிட்டு வருவாரு, அதுக்குள்ள போயிருவேனுங்களா? என்ன சொல்றதுன்னுதான் தெரியலை. அந்த அண்ணன் வேற கடைஞ்சுட்டாராம், இது வேண்டாம்னுட்டாராம்னு சொல்லிப் பாக்கறேன். இல்லைன்னா ஒண்ணும் சொல்லாம, காக்கிச் சட்டையைச் சுத்தி, எடுத்த எடத்துலயே வெச்சுடறேன்.

ஸ்டாண்டு வந்துருச்சுங்க. பாப்பாவை மட்டும் சித்தப் புடிச்சுக்கோங்கக்கா, நான் கூடையை எடுத்துக்கறேன். டப்பா வேண்டாங்க. அது கனமெல்லாம் இல்லீங்க, நானே வெச்சுக்கறேன்.